மத்தியானக் காற்றுக்கு எடை குறைவு

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கார் பட்டறையில் ஆயுத பூஜை வருடா வருடம் தடபுடலாக நடக்கும். ஜாக், ஸ்பேனர், கம்ப்ரெசர் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாசலில் நிற்கிற கார்களின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைப் படியில் நிறைபடி அரிசி, பக்கத்தில் வாழையிலை நிறையப் பொரி, கடலை. போன வருடம் அந்தப் பொரிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் என் அக்கா மகன் தன் காரைப் பற்றிப் புகார் வாசித்தான்.

"மாமா, காலையில வேலைக்குப் போறப்ப காடி பறக்குது. மத்தியானம் மாடு மாதிரி இழுக்குது. அதே காடி, அதே எண்ணெய், அதே ரோடு. என்னதான் ஆகுது இதுக்கு?"

அவனுடைய கார் டோயோட்டா 86. இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, 7000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7000 சுற்று) 200 குதிரைத்திறன் என்று கம்பெனி சொல்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வீட்டு ஸ்டோரில் போட்டுவிட்டு, பெட்டியே இல்லாத காளான் வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தான். ஓப்பன் பாட் என்பார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றை உறிஞ்சுகிற சத்தம் பானட்டைத் தாண்டி வரும். சத்தத்தைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்திருந்தது.

அவனுக்குப் பதில் சொல்ல அன்று கையில் கிடைத்தது அந்தப் பித்தளைப் படிதான். ஒரு படி அரிசியைத் தூக்கிப் பார். அதே படியில் பொரியை நிரப்பித் தூக்கிப் பார். படி ஒன்றுதான், நிறைந்ததும் நிறைந்ததுதான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அரிசி வீட்டுக்கே சோறு போடும், பொரி ஒரு ஆள் வாய்க்குக்கூடக் காணாது.

எஞ்சினின் சிலிண்டரும் ஒரு படிதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தப் படி காற்றால் நிறைகிறது. இரண்டு லிட்டர் எஞ்சின் என்றால் எல்லாச் சிலிண்டரும் ஒரு முறை நிறைய இரண்டு லிட்டர் காற்று வேண்டும். வெளியில் வெயிலா மழையா என்று படிக்குத் தெரியாது. அதன் கொள்ளளவு மாறுவதில்லை. ஆனால் பெட்ரோல் எரிவதற்கு வேண்டியது ஆக்சிஜன், அதுவும் லிட்டர் கணக்கில் இல்லை, எடைக் கணக்கில். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று சூடானால் விரிகிறது. விரிந்த காற்று பொரி மாதிரி: படி நிறைந்திருக்கும், எடை இருக்காது. எடை குறைந்தால் ஆக்சிஜன் குறைவு, ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைவு, அப்புறம் சக்தி எங்கிருந்து வரும்?

எவ்வளவு குறையும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 35 டிகிரியில் அது 1.146 கிலோ. 65 டிகிரிக்குப் போனால் 1.04 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் படியை நிரப்புகிறது. ஆகவே இரண்டு லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில், முழு மிதியில், நிமிடத்துக்கு 6000 லிட்டர், அதாவது 6 கன மீட்டர் காற்றை விழுங்கும். நம் வரவேற்பறையில் இருக்கும் காற்றை ஐந்தாறு நிமிடத்தில் காலி செய்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரியில் அந்த 6 கன மீட்டரின் எடை 7.35 கிலோ. 35 டிகிரியில் 6.88 கிலோ. 65 டிகிரியில் 6.27 கிலோ. குளிர் நாட்டுக் காலை நேரத்துக்கும் பானட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றுக்கும் நடுவே நிமிடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். காற்றில் எடைப்படி 23 விழுக்காடுதான் ஆக்சிஜன் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மனத்தில் வைத்துக்கொள்ள இன்னும் சுலபமான வழி உண்டு. நம் ஊர் வெப்பத்தில், காற்று மூன்று டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். எஞ்சினின் சக்தி இழப்பு நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஏனென்றால் குளிர்ந்த காற்றும் மானிஃபோல்டு, வால்வு எல்லாம் தாண்டி உள்ளே போவதற்குள் எப்படியும் கொஞ்சம் சூடேறிவிடும், வித்தியாசம் சுருங்கிவிடும்.

சரி, மருமகன் கதைக்கு வருவோம். கோலாலம்பூரில் விடியற்காலை 24 டிகிரி, மத்தியானம் 33 டிகிரி என்பது வருடம் முழுக்கப் பார்க்கிற சங்கதி. ஒன்பது டிகிரி வித்தியாசம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று விழுக்காடு. 200 குதிரையில் ஆறு குதிரை. ஆறு குதிரை போனால் ஓட்டுகிறவன் காலுக்குத் தெரியுமா? ஓட்டப் பந்தயக்காரருக்கு ஒருவேளை தெரியலாம். வேலைக்குப் போய் வருகிற பையனுக்கு "மாடு மாதிரி" என்று சொல்லும் அளவுக்குத் தெரியாது.

ஈரப்பதமாக இருக்குமோ என்று கேட்டான். நல்ல கேள்விதான். நீராவியும் காற்றில் இடம் பிடித்துக்கொள்ளும், அந்த இடத்தில் ஆக்சிஜன் இருக்காது. ஆனால் இதில் பலர் தவறுகிற ஒரு விஷயம் இருக்கிறது. காலையில் நம் ஊரில் ஈரப்பதம் 95 விழுக்காடு, மத்தியானம் 60 என்று வானிலைச் செய்தியில் சொல்வார்கள். உடனே காலையில்தான் நீராவி அதிகம் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த விழுக்காடு, அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 24 டிகிரியில் 95 விழுக்காடு என்றாலும் 33 டிகிரியில் 60 விழுக்காடு என்றாலும் காற்றில் நீராவியின் பங்கு கிட்டத்தட்ட மூன்று விழுக்காடுதான். ஐரோப்பாவின் வறண்ட குளிர்ந்த காற்றோடு ஒப்பிட்டால் நாம் காலையும் மாலையும் ஒரே அளவு நஷ்டத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான். காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஈரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியென்றால் வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது.

காரில் உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்க ஒரு சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. ஐஏடி சென்சார் என்பார்கள். மிளகு அளவு பொருள்தான்: சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், எஞ்சினின் மூளையான ஈசியு அதைப் படித்து டிகிரியாகத் தெரிந்துகொள்ளும். நாமும் அதைப் படிக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். ஐம்பது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிற ப்ளூடூத் கருவியை அதில் செருகினால் எண்கள் கைத்தொலைபேசியில் வந்துவிடும். ஃபில்டருக்கு ஐந்நூறு, அறுநூறு வெள்ளி கொட்டுகிறவர்கள் இந்த ஐம்பது வெள்ளிக்கு யோசிப்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

பூஜை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணி வெயிலில் கிளம்பினோம். கருவி என் கையில். ஜாலான் ஈப்போவில் சமிக்ஞை விளக்கில் நின்றோம். 47. அப்புறம் 52. விளக்கு மாறவில்லை. 58. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. 63. பச்சை விழுந்ததும் மருமகன் மிதித்தான். கார் முனகிக்கொண்டு நகர்ந்தது.

"இதோ, இதான் மாமா. இதத்தான் சொன்னேன்."

வெளியே 33 டிகிரி. எஞ்சின் குடித்துக்கொண்டிருந்ததோ 63 டிகிரிக் காற்று. அந்த முப்பது டிகிரியை வானம் கொடுக்கவில்லை, அவன் மாட்டிய காளான்தான் கொடுத்தது. பானட்டுக்குள் ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று, எக்ஸாஸ்ட் குழாயின் அனல், முன்னால் ஏசி கண்டென்சர் கக்கும் சூடு எல்லாம் சேர்ந்து ஒரு அடுப்பங்கரை உருவாகிறது. ஒரிஜினல் பெட்டி இருந்தால் அது முன்பக்கம், கிரில்லுக்கு அருகே வாயை வைத்து வெளிக்காற்றை இழுக்கும். பெட்டியைக் கழற்றிய பிறகு ஃபில்டர் அடுப்பங்கரைக்குள்ளேயே உட்கார்ந்து அந்த அனலைக் குடிக்கிறது. காலையில் கார் ஓடிக்கொண்டே இருந்ததால், சாலை காலியாக இருந்ததால், வெளிக்காற்று உள்ளே புகுந்து ஓரளவு குளிர்வித்தது. மத்தியானம் விளக்குக்கு விளக்கு நின்றால் அதற்கு வழியில்லை. வெப்பம் ஊறிப்போவது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

33 லிருந்து 63க்குப் போனால் அடர்த்தி ஒன்பது விழுக்காடு குறைகிறது. இது இன்னும் பாதிக் கதைதான். மீதிப் பாதி நாக்கிங்.

ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் நெருப்பு அங்கிருந்து பரவும். பரவப் பரவ, இன்னும் எரியாத மூலையில் இருக்கும் கலவை நசுங்கிச் சூடேறும். சூடு எல்லை மீறினால் நெருப்பு வந்து சேரும் முன்பே அது தானாக வெடித்துவிடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். இங்கே உள்ளே போன காற்றின் சூடு வட்டியோடு வளர்கிறது என்பதுதான் சிக்கல். 86இன் எஞ்சின் கலவையை 12.5 இல் ஒரு பங்காக நசுக்குகிறது. அப்படி நசுக்கும்போது வெப்பநிலை, தனிச்சுழியிலிருந்து (மைனஸ் 273 டிகிரியிலிருந்து) எண்ணினால், ஏறத்தாழ 2.4 மடங்காகும். வாசலில் 30 டிகிரி கூடுதலாக நுழைந்த காற்று, பிஸ்டன் மேலே வந்து சேரும்போது 70 டிகிரிக்கு மேல் கூடுதலாக நிற்கும்.

ஈசியு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. காற்று சூடாக இருக்கிறது என்று ஐஏடி சென்சார் சொன்னதுமே பொறி விடும் நேரத்தைத் தள்ளிப் போடும். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் சத்தம் கேட்டால் இன்னும் தள்ளிப் போடும். பொறி தாமதமானால் எஞ்சின் பிழைக்கும், ஆனால் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாது. காற்று குறைந்ததால் ஒரு நஷ்டம், பொறி தள்ளியதால் இன்னொரு நஷ்டம். மருமகனின் மாடு எங்கே இருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். ரோன் 95 பெட்ரோலுக்குப் பதில் ரோன் 97 ஊற்றினால் இந்த இரண்டாவது நஷ்டத்தில் கொஞ்சம் மீட்கலாம், அதன் நாக் தாங்கும் சக்தி அதிகம். முதல் நஷ்டத்தை எந்த எண்ணெயாலும் மீட்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் "பவர் சிப்" என்ற பெயரில் சில வெள்ளிக்கு ஒரு பொருள் விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஐஏடி சென்சாரின் இடத்தில் அதை மாட்டினால், காற்று எப்போதும் குளிராகவே இருக்கிறது என்று ஈசியு நம்பிவிடும், பொறியைத் தள்ளிப் போடாது. காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்து எடுப்பது மாதிரி. காய்ச்சல் அங்கேயேதான் இருக்கும்.

பட்டறை அண்ணன் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பழைய பெட்டிய தூக்கிட்டு வா தம்பி." மறுவாரம் ஒரிஜினல் பெட்டியை மாட்டினோம். உள்ளே கொஞ்சம் நல்ல ஃபில்டர் தாள் மட்டும் புதிது. அதே வெயில், அதே சாலை. ஓடும்போது 38, விளக்கில் நின்றால் 48 வரை ஏறி, நகர்ந்ததும் சட்டென்று இறங்கியது. சத்தம் போய்விட்டது என்று மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. காரை வடிவமைத்தவர்கள் காற்று எங்கிருந்து வர வேண்டும் என்று பல மாதம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதை அரை மணி நேரத்தில் கழற்றிப் போடுவதற்கு முன் ஒரு முறை எண்ணைப் பார்த்துவிடலாம் என்பதுதான் என் கட்சி.

நின்ற காரில் சென்சார் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சென்சாரின் உடம்பே சூடேறிவிடுவதால் அது காற்றின் சூட்டைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் எண்தான் பேசத் தகுந்தது. இதோடு ஒட்டிய இன்னொரு செலவையும் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் குழாய்க்குத் தங்க நிறத் தாள் சுற்றுவது. முழு மிதியில் காற்று 70 மில்லிமீட்டர் குழாய்க்குள் நொடிக்கு 26 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அரை மீட்டர் குழாயைக் கடக்க ஐம்பதில் ஒரு நொடிதான். அந்த நேரத்தில் குழாய் அதற்கு எவ்வளவு சூட்டைக் கொடுத்துவிட முடியும்? சுடுகல்லைக் கையால் தட்டிவிட்டு எடுப்பது மாதிரி. காற்று எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் பெரிய விஷயம், எந்தக் குழாயில் வருகிறது என்பது அதற்கு அடுத்தது. தங்கத் தாள் பார்க்க அழகாக இருக்கும், அது வேறு.

குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரைக் கீழே, பம்பருக்குள் இறக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கோல்ட் ஏர் இன்டேக். ஓடும்போது காற்று நிஜமாகவே குளிர்ச்சியாக வரும். ஆனால் இது கோலாலம்பூர். நான்கு மணிக்கு ஒரு மழை அடித்தால் ஐந்து மணிக்குச் சில சாலைகள் வாய்க்கால். வெள்ளத்தைத் தாங்கவென்றே சுரங்கச் சாலை கட்டிய ஊர் இது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தில் வெள்ளம் வந்தால் காரை நிறுத்திவிட்டுத் தண்ணீரை விடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் முழங்கால் உயரத்துக்கும் கீழே மூக்கை வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அதே பட்டறையில் ஒரு எஞ்சினைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்த எஞ்சின். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. மேலே வந்த பிஸ்டன் தண்ணீரில் மோதி, கனெக்டிங் ராட் வாழைத்தண்டு மாதிரி வளைந்து கிடந்தது. சொந்தக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

பெட்டி மாட்டிய இரண்டாவது ஞாயிறு மருமகனுக்கு ஒரு யோசனை. "குளிர்ந்த காத்துதானே வேணும்? கெந்திங் போவோம் மாமா. அங்க இருபது டிகிரிதான். காடி எப்படிப் போகுதுன்னு பாருங்க."

போனோம். கோம்பாக் தாண்டி காராக் நெடுஞ்சாலை, அங்கிருந்து மலைப்பாதை. ஐஏடி எண் அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. 36, 33, 29, 26. ஆனால் மேலே போகப் போக மருமகனின் முகம் மாறியது. கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்டினான். வளைவு முடிந்து மிதித்தால் பழைய துள்ளல் இல்லை.

நான் கைத்தொலைபேசியில் இன்னொரு எண்ணைத் திறந்து காட்டினேன். வெளிக்காற்றின் அழுத்தம். கீழே கோலாலம்பூரில் 100 கிலோபாஸ்கல் இருந்தது. கெந்திங் உச்சியில், ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில், 82. காற்றின் எடையை நிர்ணயிப்பது சூடு மட்டும் இல்லை, அழுத்தமும்தான். சூடு குறைந்ததால் நாலரை விழுக்காடு லாபம், அழுத்தம் குறைந்ததால் பதினெட்டு விழுக்காடு நஷ்டம். இரண்டையும் சேர்த்தால் கீழே 33 டிகிரியில் இருந்ததைவிட 14 விழுக்காடு காற்று குறைவு. குளிர்ச்சிதான், ஆனால் பொரியிலும் மெல்லிய பொரி.

அப்போது பார்த்து பின்னாலிருந்து ஒரு பழைய சுபாரு எஸ்டிஐ எங்களைத் தாண்டிக்கொண்டு ஏறிப் போனது. ஏற்றம் என்பதே அதற்குத் தெரியாத மாதிரி. பானட்டின் நடுவில் பெரிய வாய் திறந்த கார்.

"அது மட்டும் எப்படி மாமா?"

அது டர்போ. எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழலும் விசிறி, காற்றை அழுத்தி அடைத்துத் தருகிறது. படியில் பொரியைக் கொட்டி, உள்ளங்கையால் அமுக்கி, மேலே மறுபடி கொட்டுவது மாதிரி. வெளியே அழுத்தம் குறைந்தால் டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். மலை நஷ்டம் அதற்குக் குறைவு.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை. சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சுடும். அழுத்தினால் காற்று சூடேறும். 35 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், சுமாரான டர்போவில் அது 130 டிகிரியில் வெளியே வரும். இரண்டு மடங்கு அழுத்தினோம், இரண்டு மடங்கு காற்று கிடைத்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அந்தச் சூட்டில் கிடைப்பது ஒன்றரை மடங்குதான், கூடவே நாக்கிங் பயம். அதனால்தான் நடுவில் இன்டர்கூலர் என்ற இன்னொரு ரேடியேட்டர். 130 டிகிரியில் வந்த காற்றை ஒரு நல்ல இன்டர்கூலர் 55 டிகிரி அளவுக்கு இறக்கிவிடும். இப்போது கிட்டத்தட்ட 1.9 மடங்கு காற்று. வெளிக்காற்றைவிடக் குளிராக மட்டும் அதனால் ஆக்க முடியாது, அது வெளிக்காற்றைக் கொண்டுதானே குளிர்விக்கிறது. கோலாலம்பூரில் 33 என்றால் 33க்குக் கீழே கனவில்கூட இல்லை.

சுபாருவின் பானட் வாய் அந்த இன்டர்கூலருக்குத்தான். எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருப்பதால் குழாய் நீளம் குறைவு, மிதித்ததும் பதில் வரும். ஆனால் நெரிசலில் நின்றால் கீழிருந்து எஞ்சின் சூடு ஏறி அதையும் வேகவைத்துவிடும். செப்பாங் ஓட்டப் பாதையில் டர்போ கார்கள் முதல் சுற்றில் பறந்துவிட்டு நாலாவது சுற்றில் தளர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். 5.543 கிலோமீட்டர் சுற்று, இரண்டு நீண்ட நேர்ப்பாதை, மேலே வெயில், கீழே தார் அனல். இன்டர்கூலருக்கு மூச்சு வாங்க நேரமே கிடைக்காது.

இந்தச் சூட்டோடு மல்லுக்கு நின்றவர்களின் தந்திரங்கள் சுவையானவை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஆவியாகும் தண்ணீர் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2250 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இதை நம்பி பிஎம்டபிள்யூ தன் எம்4 ஜிடிஎஸ் காரில் உள்ளே போகும் காற்றிலேயே தண்ணீரைத் தூவியது. புதுமை என்று பேசினார்கள். ஆனால் 1962லேயே ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்க டர்போ காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு தொட்டி வந்தது. வாங்கியவர்களில் பலர் அதை நிரப்பவே மறந்துபோனார்கள், கார் சோம்பிக் கிடந்தது. அப்புறம் 2018 டாட்ஜ் டீமன். அது காரின் ஏசியையே பிடித்து, நம்மைக் குளிர்விக்கும் வாயுவைத் திருப்பிவிட்டு, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கப் பயன்படுத்தியது. அங்கே மட்டும் வெளிக்காற்றைவிடக் குறைவான சூட்டுக்கு இறக்கும் வாய்ப்பு உண்டு. ஓட்டுகிறவன் வியர்த்தாலும் எஞ்சின் வியர்க்கக் கூடாது என்ற பெரிய மனசு.

கெந்திங் கார் நிறுத்துமிடத்தில் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மருமகனுக்குப் பசி வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். இறங்க இறங்க அழுத்த எண் ஏறியது, 86, 91, 96. கூடவே சூடும் ஏறியது. அடிவாரத்தில் கார் மறுபடி நல்ல பிள்ளையாகிவிட்டது. "இப்பதான் மாமா இது என் காடி," என்றான்.

கம்பெனி சொல்லும் 200 குதிரை எங்கே என்று வழியில் கேட்டான். குதிரைத்திறனை அளக்கும் தரமுறைகள் பெரும்பாலும் 25 டிகிரி அளவில் ஒரு வெப்பத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. எஸ்ஏஇ ஜே1349 அப்படித்தான், 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் வறண்ட காற்று. டைனோ என்ற சக்தி அளக்கும் எந்திரத்தில் காரை ஏற்றி அளக்கும்போதும் அன்றைய வெயிலைக் கழித்து அந்த 25 டிகிரிக்குத் திருத்தித்தான் தாளில் அச்சாகிறது. நம் ஊரில் 25 டிகிரி என்பது சுப்ரபாதம் கேட்கிற நேரம். கடைக்காரர் டைனோ தாளை நீட்டினால், முன்னும் பின்னும் அளந்தபோது காற்று எத்தனை டிகிரி, திருத்தம் போட்டதா என்று கேட்டுவிடுங்கள். பானட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய மின்விசிறி போட்டு அளந்தால் ஓப்பன் பாட் ஃபில்டர்கூட உத்தமன் வேஷம் போடும். சாலையில் பானட்டைத் திறந்துகொண்டா ஓட்டப் போகிறோம்?

கோம்பாக் தாண்டி எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நெரிசல். கார் நின்றது, நகர்ந்தது, நின்றது. மருமகன் கண்ணை எடுக்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். 39, 42, 45.

"மாமா, ஏறுது பாருங்க. ஏசிய நிறுத்திடவா?"

இப்போது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறாய் என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். நகக்கண் அளவு. இந்த மிதியில் எஞ்சினின் தொண்டையைத் திராட்டில் கதவு முக்கால்வாசிக்கு மேல் அடைத்துத்தான் வைத்திருக்கிறது. காற்று மெல்லியதாக இருந்தால் கதவு இன்னும் ஒரு நூல் திறக்கும், அவ்வளவுதான், சக்தி குறைவது உனக்குத் தெரியப்போவதில்லை. சூடான காற்றில் கதவு அகலமாகத் திறப்பதால் எண்ணெய்கூட ஒரு துளி மிச்சமாகலாம். இந்தக் கணக்கெல்லாம் முழுக்க மிதிக்கும்போதுதான்.

"அப்ப இப்ப 45 இருந்தா பரவாயில்லயா?"

"50 ஆனாலும் பரவாயில்லடா. ஏசிய கூட்டு, வேர்க்குது."